கராஜ் வாசல் வெள்ளம்

வீடு வாங்குகிறவர்கள் மழை நாளில்தான் வீடு பார்க்கப் போகவேண்டும். இதை ஜலால்தீனுக்குச் சொல்ல அப்போது ஆளில்லை. 1985இல், வெயில் பளீரென்று அடித்த ஒரு சனிக்கிழமை காலையில் சிட்னியின் லிட்கத்தில் அந்த வீட்டைப் பார்த்தார். தெருவிலிருந்து சரிந்து இறங்கும் கொங்கிரீட் பாதை, அது போய் முடிகிற இடத்தில் இரண்டு கார் நிற்கக்கூடிய பெரிய கராஜ். ஜலால்தீனிடம் ஒரு கார்கூடக் கிடையாது. இருந்தாலும் அந்த விசாலத்தில் மயங்கி வாங்கிவிட்டார். தெருத் தண்ணீர் முழுவதும் அந்தச் சரிவில் இறங்கி வந்து உள்ளே படுத்துக்கொள்ளும் என்பது முதல் மழையில் தெரிந்தது. யாரைத் திட்டுவது? சரிவு கண்ணுக்கு முன்னால்தானே இருந்தது.

இலங்கையின் அக்கரைப்பற்றிலிருந்து 1983இல் வந்த மனிதர். ஹோம்புஷ் பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. ஆள் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசக்கூடியவள் மனைவி மரியம் பீவி, ஆனால் யாரோடு பேசுவது? பிள்ளைகள் இல்லாத வீடு. வந்த புதிதில் அவர்கள் கதவைத் தட்டியவர்கள் தபால்காரரும் மின்சார மீட்டர் பார்க்க வந்தவரும்தான். ஒரு பெருநாளைக்கு அவள் ஊர்ப் பழக்கத்தில் பெரிய சட்டியில் முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் செய்துவிட்டாள். இரண்டு பேருமாக அதை நான்கு நாள் தின்று தீர்த்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வட்டிலப்பம் என்றாலே ஜலால்தீனுக்கு நெஞ்சு அடைத்தது.

அந்த வீட்டுக்கு ஆட்களைக் கொண்டுவந்தது கராஜ்தான். இன்றைக்குச் சிட்னியில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பள்ளிவாசல் கண்ணில் படுகிறது. அன்றைக்கு அப்படியில்லை. பக்கத்து ஊரில் இருந்த பள்ளியில் மார்க்க உரையான பயான் துருக்கி மொழியில் நடக்கும். நம்மவர்கள் பக்தியோடு கேட்டுவிட்டு, ஒன்றும் புரியாமல் ரயிலேறுவார்கள். 1986 நோன்பில் நாலைந்து பேர் வந்து, இரவுத் தொழுகையான தராவீஹை இங்கே கராஜில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். தொழும் திசை சரியாகப் பின்சுவரைப் பார்த்து அமைந்திருந்தது. ஜலால்தீன் அன்றே சுவருக்கு வெள்ளை அடித்தார். அடுத்த வருடம் காத்தான்குடி, கொழும்பு, காயல்பட்டணம் என்று நாற்பது பேர் ஆகிவிட்டார்கள். பெண்கள் வீட்டு ஹோலில் தொழுதார்கள். மரியம் பீவி மாலையில் பெரிய பானையில் நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். வேலையிலிருந்து வந்தவர்கள் உடுப்பு மாற்றாமல் அப்படியே குந்தியிருந்து கஞ்சி குடித்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். ஜலால்தீன் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு அதுவே போதும். இப்போது நினைத்தாலும் அந்த நாட்களின் மணம் ரம்பை இலையும் இஞ்சியுமாக மூக்கில் ஏறுகிறது.

அந்த வருடமே இரண்டு தடவை வெள்ளம் உள்ளே வந்தது. பிளாக்டவுனில் மருந்துக்கடை வைத்திருந்த ரஷீத் எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள். அவர் தன் பக்கத்தில் ஒரு மண்டபம் பார்த்துவிட்டு வந்து, எல்லோர் முன்னிலையிலும், ஜலால்தீனை அண்ணன் முறையில் நானா என்று அழைத்துப் பேச்சை எடுத்தார்.

"நானா, குறை நினைக்காதீங்க. வயசான ஆக்களும் வாறாங்க. ஈரத்தில நெத்திய வச்சி எப்பிடித் தொழுற? அடுத்த நோன்புக்கு ஒருக்கா தண்ணி உள்ளுக்கு வந்தாலும் நாம பிளாக்டவுனுக்குப் போவம்."

அதில் பிழை சொல்ல என்ன இருக்கிறது? ஜலால்தீன் தலையை ஆட்டினார். எல்லோரும் போன பிறகு மனைவியிடம் மட்டும் சொன்னார்:

"கராஜ் இல்லாட்டி இந்த வீட்டுக்கு ஆர் வாற?"

மரியம் பீவி கஞ்சிப் பானையைக் கழுவினாள். அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க ஜலால்தீன் மண்வெட்டியும் கையுமாக இருந்தார். கராஜ் வாசலுக்குக் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கொங்கிரீட்டை உடைத்து, தண்ணீர் வடிந்தோட ஒரு கான் வெட்டினார். மேலே இரும்புக் கம்பி மூடி போட்டார். அதிலிருந்து வீட்டின் பக்கவாட்டில் குழாய் பதித்து, பின்வேலியோரம் போகிற பெரிய வடிகாலுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகத் திட்டம். குழாய்க்கு வாட்டம் சரியாக இருக்கவேண்டும். அதற்கு அவர் கண்ணாடிபோல் தெரிகிற ஒரு ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை மரியம் பீவியின் கையில் கொடுத்தார். இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்து அளக்கலாம். அவள் பிடித்த பிடியில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது. "அசையாமப் பிடி புள்ள" என்று அவர் கத்த, "பேசாம என்னய இதுக்குள்ள போட்டு மூடுங்க" என்று அவள் பள்ளத்தைக் காட்டினாள். ஒருமுறை குழாய் எதிர்ப்பக்கம் வாட்டமாகிவிட்டது. மூடிய மண்ணை மறுபடி தோண்டினார். கடைசியில் பாதையின் உச்சியில் நின்று தோட்டக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடிவந்து கானில் விழுந்து காணாமல் போனது. அன்று மாலை அதையே ஏழெட்டுத் தரம் செய்து பார்த்தார்.

1988 நோன்பு ஏப்ரலில் வந்தது. முதல் பத்து நாள் மழையில்லை. பிறகு பிடித்தது பாருங்கள் ஒரு மழை, சிட்னியே நாறிப்போனது. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜலால்தீன் குடையோடு வாசலில் நின்று, பக்கத்து வீட்டு யூக்கலிப்டஸ் மரத்தின் இலைகளைக் கானிலிருந்து பொறுக்கிக்கொண்டே இருந்தார். சரிவில் தண்ணீர் ஆறாக இறங்கியது. கான் அவ்வளவையும் குடித்தது. கஞ்சி குடிக்க வந்த ரஷீத் குனிந்து பார்த்துவிட்டு, "பரவால்ல நானா, வேலை செய்யிதுதான்" என்றார். ஜலால்தீனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோசத்தில்தான் கோட்டை விட்டார். மற்ற நாட்களில் ஆட்கள் காலில் போட்டுவந்த சப்பாத்துகளைப் பாதையில் கண்டபடி கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். அன்று மழை. வீட்டுக்கு வந்தவர்களின் சப்பாத்து நனையலாமா? ஜலால்தீன் வாசலிலேயே நின்று ஒவ்வொருவராக உபசரித்தார்.

"கதவுக்குக் கிட்ட வைங்க. கூரைக்குக் கீழ வைங்க, நனையாது."

கூரையின் விளிம்பு ஒரு முழம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே இருந்தது கான். நாற்பது சோடிச் சப்பாத்துகள் கம்பி மூடியின்மேல் வரிசையாக, நெருக்கியடித்து ஏறின. பிந்தி வருகிறவர்களுக்காகக் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு, அவர் நிம்மதியாக முதல் வரிசையில் போய் நின்றார்.

தொழுகையின் நான்காவது சுற்றான ரக்அத்தில் பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு இன்னொருவர். சுஜூதில் நெற்றியை வைத்தபோது ஜலால்தீனின் முழங்காலில் ஏதோ குளிர்ச்சி ஏறியது. தொழுகையில் திரும்பிப் பார்க்க முடியாது. என்ன என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கோடை முழுக்கத் தோண்டியதெல்லாம் வீண் என்று நினைத்தார், அல்லாஹ்விடம் எதைக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது ரஷீதின் கறுப்புச் சப்பாத்து ஒன்று வரிசைகளுக்கிடையில் மிதந்து வந்தது.

வெளியே மரியம் பீவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றாள். சமையல் நடக்கும் குசினியின் யன்னலால் பார்த்துவிட்டு ஓடிவந்திருந்தாள். இலையும் சப்பாத்துமாக அடைத்துக் கிடந்ததை இரண்டு கையாலும் வாரிப் புல்லில் எறிந்தாள். கான் ஒரு சத்தம் போட்டுத் தண்ணீரை மறுபடி இழுத்தது. கொஞ்ச நேரத்தில் கராஜுக்குள் ஈரக் கம்பளங்கள் மட்டும் மிச்சமிருந்தன.

ஜலால்தீனே வாயைத் திறந்தார்.

"சொன்ன சொல்லு சொல்லுதான். நாளைக்கு பிளாக்டவுனுக்குப் போங்க."

ரஷீத் கையில் இருந்த சப்பாத்திலிருந்து தண்ணீரைக் கொட்டினார். "கானில பிழை இல்ல நானா" என்றார்.

அவர்கள் ஈரச் சப்பாத்துக்குள் காலை நுழைக்கப் போனபோது மரியம் பீவி குறுக்கே வந்து நின்றாள்.

"நனைஞ்சதப் போட்டுக்கு போனா காய்ச்சல்தான் வரும். எல்லாத்தையும் இஞ்ச வைங்க. பேப்பர் அடைஞ்சி ஹீட்டருக்கு முன்னுக்கு வச்சிக் காய வச்சித் தாறன்."

"எப்ப வந்து எடுக்கிற ராத்தா?" என்று ரஷீத் கேட்டார்.

"நோன்பு தொறக்கிற நேரத்துக்கு வாங்க. அதுக்கு முந்திக் காயாது."

நாற்பது பேரும் வெறுங்காலோடு மழையில் காருக்கும் ரயிலுக்கும் ஓடினார்கள். ஜலால்தீன் ஒன்றும் விளங்காமல் மனைவியைப் பார்த்தார். அவள் பழைய பத்திரிகைகளைத் தேடிப் போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. மழை விட்டும் விடாமலும் தூறியது. விடியற்காலையிலேயே கராஜைக் கழுவித் துடைத்து, வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகள் அத்தனையையும் தரையில் விரித்தாள். அரிசியைக் களைந்து வழக்கமான பெரிய பானையையே அடுப்பில் ஏற்றினாள். "சப்பாத்து எடுக்க வாறவங்களுக்கு இவ்வளவு கஞ்சியா?" என்று ஜலால்தீன் கேட்டார். அவள் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

ஐந்து மணிக்கு முதல் ஆள் வந்தார். பிறகு கூட்டமாக வந்தார்கள். எது யாருடைய சப்பாத்து என்று தேடிப் பிடிப்பதற்குள் பாங்கு நேரமாகிவிட்டது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள், கஞ்சி குடித்தார்கள், ஒருவர் காலில் இன்னொருவர் சப்பாத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பிளாக்டவுன் என்ற பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுக்கவேண்டிய ரஷீத் காய்ந்த சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு விரிப்புகளையும் கானையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜலால்தீனிடம் வந்தார்.

"நானா, நாளைக்கும் மழையெண்டா சப்பாத்த எங்க வைக்கிற?"

ஜலால்தீன் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மரியம் பீவிதான் உள்ளேயிருந்து பதில் சொன்னாள்.

"குசினிக்குள்ள கொண்டு வைங்க."