பாலத்து நிழல்

நேற்று மதுரையில் பஸ் வைகைப் பாலத்தில் ஏறியதும் கீழிருந்து ஈர மணல் வாடை வந்தது.

யுத்த காலத்தில் ஒரு சித்திரை மாதம். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் இடம் கிடைக்காமல், திருச்சுழிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியிலேயே திருவிழா பார்க்க வந்தோம். வறண்ட ஆற்றுக்குள்தான் எல்லா வண்டிகளும் நின்றன. அய்யா பாலத்து நிழலில் நல்ல இடம் பிடித்து, எங்கள் பிழைப்பே நம்பியிருந்த இரண்டு காளைகளையும் சக்கரத்தில் கட்டினார்.

மத்தியானம், ஆற்றில் துணி வெளுக்கிற ஒருவர் ஓடி வந்தார். "ஓய், மேக்க மழையாம், தண்ணி வருது! மாட்டை அவுத்துக் கரையேத்துமய்யா!"

"சித்திரையில ஆத்துல தண்ணியா?" என்று அய்யா சிரித்தார். "நெழலு வேணும்னா நேராக் கேளும்."

எங்கள் பக்கத்து ஆற்றில் ஐப்பசி தவிர வேறு மாதத்தில் தண்ணீர் பார்த்தறியாதவர் அவர்.

"ஏங்க, எல்லாரும் ஓடுறாகளே!" என்று அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்துவிட்டது. அய்யாவால் ஒரு காளையைத்தான் அவிழ்க்க முடிந்தது. மற்றது கட்டிய இடத்திலேயே முழுகிப்போனது.

மறுநாள் அம்மாவும் நானும் கரி பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அதுதான் என் முதல் பஸ் பயணம். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

தண்ணீர் வடிந்தபின் வண்டியை மணலிலிருந்து மீட்டு, மூன்றாம் நாள் அய்யா வந்து சேர்ந்தார். நுகத்தடியின் ஒரு பக்கம் காளை. மறுபக்கம் அவருடைய தோள்.