சிவப்புப் பல்பொடி

கிராம்பும் கர்ப்பூரமும் காவிமண்ணும் கலந்தாற்போல ஒரு வாசனை. விரல்நுனியில் தொட்டுப் பல்லில் வைத்தால் முதலில் லேசான இனிப்பு, உடனே ஓர் உறைப்பு, அப்புறம் வாய் முழுக்க நறநறவென்று மணல் அரைபடுகிற உணர்வு. கொப்பளித்துத் துப்பினால் குழாயடிக் கல் முழுவதும் சிவந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரம் மணக்காட்டில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு வெளியே, மூன்று குடும்பங்களுக்குப் பொதுவான அந்தக் குழாயடியில், தினமும் விடிந்ததும் நான் பார்த்த முதல் நிறம் அதுதான். அது அப்பாவின் பல்பொடி நிறம் என்று பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் என்றால் அப்பாவும் மகள் நானும் மட்டும். ஊர் பணகுடிப் பக்கம். தம்பி குறைமாதத்தில் பிறந்து அடிக்கடி மூச்சிரைப்பு வந்துகொண்டிருந்ததால் அம்மா அவனோடு ஊரிலேயே தங்கிவிட்டாள். கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஹோட்டலில் அப்பாவுக்குச் சப்ளையர் வேலை. "பிள்ளை டவுன் ஸ்கூல்ல படிக்கட்டும்" என்று ஒன்பது வயதில் என்னைக் கூட்டிவந்தார். அவர் ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால், அறையைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறவரை நான் தனி. பள்ளியிலும் தனிதான். பிள்ளைகள் மலையாளத்தில் சண்டை போட்டு மலையாளத்தில் ராசியானார்கள். எனக்குக் கேட்டால் புரியும், பேச நாக்கு எழும்பாது. பள்ளி விட்டதும் நேரே ஹோட்டலுக்குப் போய், கை கழுவும் இடத்தை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி ஆறரை மணிக்காகக் காத்திருப்பேன். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அந்த ஆறரை மணி ஒன்றுதான்.

ஏனென்றால் ஆறரைக்கு அப்பாவின் வேலை முடியும். என் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அட்டக்குளங்கரை வழியாக அறை வரைக்கும் பேசிக்கொண்டே வருவார். அந்தக் கால ஹோட்டல்களில் மெனு கார்டு என்று ஒன்று கிடையாது, சப்ளையர்தான் மெனு. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, சாப்பிட வந்தவரின் காதருகே குனிந்து, "இட்லி வடை பொங்கல் பூரி, சாதா நெய் மசாலா ரவா ஊத்தப்பம்" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும். அப்பா அதில் கெட்டிக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "ஒரு சாயா மதி", ஒரு டீ போதும், என்று சொல்லும் பெரியவர், ரவா தோசைக்குச் சட்னி போதவில்லை என்று மூன்று முறை கூப்பிட்ட செக்ரட்டேரியட் சார், எல்லாரையும் நடந்துகொண்டே நடித்துக் காட்டுவார். பஸ் இரைச்சலில் கேட்காது என்பதற்காக என் காது வரைக்கும் குனிந்து சொல்வார். நான் சிரித்துச் சிரித்து நடக்க முடியாமல் நிற்பேன்.

இரண்டாவது வருஷம் அந்தக் குனிதல் நின்றுபோனது. எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் அவர் வெள்ளைப் பற்பசையை விட்டுச் சிவப்புப் பொடிக்கு மாறினார். கேட்டதற்கு, "இதாம் மக்ளே எகிறுக்கு நல்லது" என்றார். எகிறு என்றால் ஈறு. பிறகு வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய் ஒதுக்கிக்கொள்ளத் தொடங்கினார். பிறகு வழியில் என்னோடு சேர்ந்து நடக்காமல் இரண்டடி முன்னால் நடந்தார். ஏதாவது கேட்டால் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். சிரிப்பு வந்தால் தோள் துண்டை வாயில் வைத்துக்கொண்டார், அப்புறம் சிரிப்பும் வருவதில்லை.

என்மேல்தான் ஏதோ கோபம் என்று முடிவு செய்தேன். கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்ததா, அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் "எனக்கு இங்கே பிடிக்கவில்லை" என்று எழுதியதா என்று என் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தேன். பத்து வயதில் ஓர் ஊரில் உங்களோடு பேசுவதற்கு ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவரும் பேச்சை நிறுத்திவிட்டார் என்றால் அது எப்படி இருக்கும் என்பதை இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு சாயங்காலம் கடைசி பெஞ்சிலிருந்து அதைப் பார்த்தேன். வழக்கமாக வரும் ஒரு சார் உட்கார்ந்திருந்தார். அப்பா குனிந்து ஒப்பிக்க ஆரம்பித்ததும் அவர் கர்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். போகும்போது கல்லாவில் இருந்த முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். முதலாளி கெட்டவர் இல்லை, அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில்தான் பேசினார். மறுநாளிலிருந்து அப்பா ஹாலில் இல்லை. பின்கட்டில், மாவாட்டும் கிரைண்டருக்குப் பக்கத்தில் இருந்தார். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்துப் பல்பொடி டப்பா காலியாகிவிட்டது. அப்பா டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் விழவில்லை. வெறும் விரலால் தேய்த்து, வாயைக் கொப்பளித்துத் துப்பினார். கல் அன்றும் சிவந்தது.

நான் பின்னால் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அவசர அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். சினிமாவில் வாயில் ரத்தம் வந்தவர் யாரும் அடுத்த ரீல் வரை பிழைத்திருந்ததை நான் பார்த்ததில்லை. அப்பா செத்துப்போகப் போகிறார், அதனால்தான் பேசாமல் இருக்கிறார், எனக்கு இந்த ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் இல்லை என்பதுதான் உண்மை.

அந்த வருஷம் பல் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். சோற்றுப்பானை அளவுக்கு ஒரு பிளாஸ்டர் தாடையும், துணி துவைக்கும் பிரஷ் அளவுக்கு ஒரு பல் பிரஷும் கொண்டுவந்திருந்தார்கள். பிரஷைச் சாய்த்து, பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் வைத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். காலையில் மட்டும் போதாது, படுக்கப் போகும் முன்பும் தேய்க்க வேண்டும் என்று செய்து காட்டினார்கள். அப்புறம் ஓர் அக்கா சொன்னாள்: தேய்க்கும்போது ரத்தம் வந்தால் பிரஷ் குத்திவிட்டது என்று பயந்து தேய்ப்பதை நிறுத்தக் கூடாது, அது "மோண"யில் வந்த நோய், வாயில் கெட்ட வாடையும் அதனால் வரும், உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மோண என்றால் ஈறு. இவ்வளவுதானா, செத்துப்போக மாட்டாரா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருப்பதாக ஒரு சீட்டு எழுதித் தந்து, பெற்றோரோடு வரச் சொன்னார்கள்.

அப்பாவின் வாரலீவு நாளில், அந்தச் சீட்டோடு பஸ் ஏறி அரசு பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஓர் அம்மா. சுற்றி ஐந்தாறு மாணவர்கள். என் பல்லை அடைத்து முடித்ததும் அப்பா துண்டை வாயில் பொத்தியபடியே கும்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். இப்போது விட்டால் இனி இங்கே வரவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு வருஷத்தில் மலையாளம் பேசக் கொஞ்சம் கற்றிருந்தேன். எல்லாருக்கும் புரிய வேண்டுமே என்று மலையாளத்திலேயே, பள்ளியில் பாட்டு ஒப்பிப்பது போல உரக்கச் சொன்னேன்:

"டாக்டரே, என்றெ அப்பாவுக்கு வாயீந்நு சோர வரும். பயங்கர நாற்றமும் உண்டு."

வாயிலிருந்து ரத்தம் வரும், பயங்கர நாற்றமும் உண்டு என்று சொல்லிவிட்டேன். பின்னால் ஒரு மாணவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான். அப்பா என் கையை விட்டார். சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் அவர் ஏலக்காயாலும் துண்டாலும் அந்தச் சிவப்புப் பொடியாலும் யாருக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தாரோ, அந்த மகளுக்கு எல்லாம் தெரியும் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துகொண்டார். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. பிழைத்தார் என்று மட்டும் நினைத்தேன்.

டாக்டர் அந்த மாணவனை ஒரு முறை முறைத்துவிட்டு, "அண்ணாச்சி, இங்க இரிக்கணும்" என்று அப்பாவை உட்கார வைத்தார். "இது பல்லுக்குள்ள கேடு அல்ல, மோணயோட அசுகம். பல்லு எல்லாம் நல்ல பல்லுதான். அதைப் பிடிச்சு வைக்கிற எலும்பு போகுது" என்று மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். பல்லோரத்தில் படிகிற அழுக்கு நாளடைவில் கல்லாக இறுகிவிடும், அதனால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், கவனிக்காமல் விட்டால் உள்ளே எலும்பு கரைந்து சொத்தையில்லாத பல்கூட ஆடி விழும். பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் ஆட்கள் காலம் கடந்து வருகிறார்கள் என்றார். பீடியை விடச் சொன்னார், சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நறநறவென்ற பொடியை விட்டுவிட்டு மிருதுவான பிரஷ் வாங்கச் சொன்னார்.

முதல் தடவை சுத்தம் செய்துவிட்டு வந்த அப்பாவுக்கு இரண்டு நாள் தண்ணீர் பட்டாலே கூசியது. பல்லிடுக்குகள் திறந்து, பல்லெல்லாம் முன்னைவிட ஆடுவது போல இருந்தது. ஹோட்டலில் தோசை மாஸ்டர் ஒருவர் உண்டு, அப்பாவுக்கு மூத்தவர், எல்லா விஷயத்துக்கும் கைவசம் ஒரு தீர்ப்பு வைத்திருப்பவர். "நான் அப்பமே சொன்னேன்லா வே, கிளீன் பண்ணக் கூடாதுன்னு. அந்தக் காரைதான் பல்லைப் புடிச்சு நிறுத்திருந்துச்சு. அதைப் பேத்துட்டா பெறவு எது நிக்கும்?" என்றார். ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் இதைத்தான் நம்புகிறார்கள். வீங்கியிருந்த ஈறு வற்றுவதால் தெரியும் இடைவெளி அது என்று யார் அவருக்குச் சொல்வது?

அப்பா துண்டுக்குப் பின்னாலிருந்து, "பிள்ளை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. போய்த்தான ஆகணும்" என்றார்.

போனார். ஆனால் என்னை மறுபடி கூட்டிப் போகவில்லை. வாரலீவு நாளில் தனியாகப் பஸ் ஏறிப் போய், மரத்துப்போன வாயோடு தனியாகத் திரும்பிவருவார். ஊசி போட்டு ஈறுக்கு அடியில் சுரண்டினார்கள். பின்பக்கம் இரண்டு பல்லைக் காப்பாற்ற முடியாமல் எடுத்தார்கள். மற்றவை நின்றன. உப்புத் தண்ணீர், மிருதுவான பிரஷ், படுக்கும் முன் ஒரு தடவை என்று டாக்டர் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. பீடியை விட ஐந்தாறு மாதம் திண்டாடினார், அதையும் விட்டார். அடுத்த ஓணத்துக்குள் ரத்தம் நின்றது, வாடை போயிற்று.

முதலாளியே கூப்பிட்டு, "ஹாலுக்கு வாரும்" என்றார். "இங்கனயே இருக்கேன் மொதலாளி, பழகிட்டு" என்று அப்பா கிரைண்டர் பக்கமே இருந்துவிட்டார். ஆறரைக்கு வெளியே வந்து என் பையை வாங்கிக்கொள்வார், இரண்டடி முன்னால் நடப்பார். நானும் அதற்குள் பேசாமல் நடக்கப் பழகியிருந்தேன். ஒருநாள் எட்டிப் போய்ப் பக்கத்தில் நடந்தேன். அவர் சாலையின் மறுபக்கம் எதையோ பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார். ஏழாம் வகுப்போடு என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது நான் மறுபடி திருவனந்தபுரத்தில், கரமனையில் இருக்கிறேன். அந்த ஹோட்டல் இருந்த இடத்தில் செல்போன் கடை. மற்ற ஹோட்டல்களில் மேஜைக்கு மேஜை கார்டு வைத்திருக்கிறார்கள், யாரும் யார் காதருகேயும் குனிவதில்லை. மணக்காட்டு அறையும் குழாயடியும் இடிக்கப்பட்டு அங்கே பிளாட் எழும்பிவிட்டது. நான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் பல்லைச் சுத்தம் செய்துகொள்கிறேன். என் மகளுக்கு ஈறோரம் பிரஷைச் சாய்த்துப் பிடிக்க ஆறு வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டேன். அன்று நான் டாக்டரிடம் சொன்னதில் தவறில்லை, சொல்லாவிட்டால் அவர் பல் மொத்தமும் போயிருக்கும். சொன்ன விதத்துக்காக இன்றும் கூசிப்போகிறேன். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன், இரண்டு முறையும் அவர், "தம்பிட்ட பேசினியா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

போன மாதம் கண்ணில் புரை எடுப்பதற்காக வந்த அப்பா என் வீட்டில் தங்கியிருக்கிறார். எழுபது வயதாகிறது, அந்த இரண்டைத் தவிர மற்ற பற்கள் எல்லாம் அவருடையவைதான். ஒரு நாளைக்கு நான்கு வேளை கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். அதற்கு அவர் முகத்தருகே நான் குனிந்தாக வேண்டும், வேறு வழியில்லை. முதல் நாள் குனிந்தபோது அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். மெதுவாக, "நாத்தம் அடிக்கா மக்ளே?" என்று கேட்டார்.

"இல்லப்பா. எப்பவோ போயிட்டு" என்றேன். சரி என்பது போலத் தலையை ஆட்டினார், நம்பவில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு வேளையும் நான் குனிந்ததும் மூச்சை அடக்கிக்கொள்கிறார். "மூச்சு விடுங்கப்பா" என்கிறேன். மருந்தை விட்டுவிட்டு நான் இரண்டடி தள்ளிப் போன பிறகுதான் விடுகிறார்.