முதலாளியின் பந்திக் கணக்கு

சிலிபின் வட்டாரத்து ஷர்மினிக்கு ஈப்போவில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிக்கும் வேலை. ஒரே சர்வருக்குள் இருபது மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிறாள். ஒவ்வொன்றும் வட்டில் ஒரு கோப்பு. முப்பது ஜிபியில் தொடங்கி நூறு வரை ஊதும். இருபதும் முழுதாக ஊதினாலும் தாங்கும்படி இரண்டாயிரம் ஜிபி இடம் கேட்டாள்.

"இப்ப முப்பதுதானே பிடிக்குது? இருபதுக்கும் சேத்து அறுநூறு வாங்குனா போதும்லா," என்றார் முதலாளி சொக்கநாதன்.

"அது வளரும் பாஸ்."

"வளரும்போது பாத்துக்கலாம்."

வளர்ந்தது. வரித் தாக்கல் நேரத்தில் வட்டு நிரம்பி, இருபதும் ஒன்றாக நின்றன.

"பழைய ஃபைல எல்லாம் அழிச்சிடுலா!"

"உள்ள இருக்கிறத அழிச்சாலும் ஊதுன கோப்பு தானா சுருங்காது, வட்டுல இடம் திரும்பி வராது பாஸ். எத்தன தடவ சொல்றது?"

அவர் காதில் வாங்கவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பேசியிருந்த சமையல்காரர் கைப்பேசியில் அழைத்துவிட்டார்.

"ஐந்நூறு பேரக் கூப்பிட்டிருக்கேன், எழுநூறு பேருக்கு ஆக்குங்க. சோறு பத்தாம ஒருத்தர் எழுந்து போனாக்கூட நம்ம மானம் போயிரும்!"

ஷர்மினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கைப்பேசியை வைக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பாஸ், இங்க இருபது பேர் இலை போட்டு உக்காந்திருக்காங்க. நீங்க ஆறு பேருக்குத்தான் ஆக்கச் சொன்னீங்க."