கிராணியார் காருக்கு லோரி எஞ்சின்

சரவணமுத்துக் கிராணியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கால் ஒடிந்தது அவருக்குத்தான். கைத்தடியை ஓங்கினார், வாய்க்கு வந்தபடி திட்டினார், கடைசியில் போய்த் தொலை என்று விட்டுவிட்டார். திட்டு வாங்கினால் மனசு கொஞ்சம் ஆறும். பேச்சியம்மாளுக்கு நான் செய்தது அப்படி ஆறுகிற காரியம் இல்லை.

என் பெயர் தங்கராஜு. ஜொகூர் பாருவில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். கோபக்காரன் என்று ஊரில் பெயர். வேலை தெரிந்தவன் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த இரண்டாவது பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது.

1935-ல் சரவணமுத்து ஒரு கார் வாங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, சட்டையின் மடிப்பு கலையாத மனிதர். அவருக்கு எங்கிருந்துதான் அந்த ஆசை வந்ததோ! ரெங்கம் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டித் தீர்த்த இங்கிலீஷ் பந்தயக் கார் அது. இரண்டே சீட்டு, நீண்ட மூக்கு. எண்ணெய் ஊற்றாமலே ஓட்டி, துரை அதன் எஞ்சினைப் பொசுக்கியிருந்தார். அந்தக் கம்பெனி எஞ்சினுக்குச் சிங்கப்பூர் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை.

"வேற கொம்பனி எஞ்சின் பூட்டினால் ஓடாதோ?" என்று கேட்டார்.

"ஏன் ஓடாது? நான் வச்சா ஓடும்" என்றேன். வாய்க்கொழுப்புக்குக் குறைச்சலே இல்லை எனக்கு.

கவிழ்ந்து கிடந்த அமெரிக்க லோரி ஒன்றின் எஞ்சினைக் கொண்டுவந்தேன். அது காருக்குள் நுழைந்தால்தானே! எஞ்சினைத் தாங்குகிற இரும்பை வெட்டி வேறு இடத்தில் ஒட்ட வைத்தேன், மூடியில் ஓட்டை போட்டேன். அப்படியும் எஞ்சினின் அடிவயிறு ஸ்டியரிங் கம்பியில் இடித்தது. கம்பியை அறுத்து, வளைத்து, நீட்டி, எஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோனேன். அதன் முனையைச் சக்கரத்து இணைப்போடு பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு. லோரி எஞ்சின் பேய் மாதிரி அதிரும். அந்த அதிர்வில் நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே சின்னதாக ஒரு பின் செருக வேண்டும். அளவு சரியாக வர, நட்டைப் பத்துத் தடவையாவது கழற்றி மாட்டியிருப்பேன். கடைசியில் செருகலாம் என்று பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கார் புறப்படுவதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகு காலம். கிராணியாரின் மனைவி கமலாம்பிகை தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்கே வந்துவிட்டார். வேடிக்கை பார்க்க இருபது பேர்.

"பத்தரைக்கு முன்னம் வெளிக்கிட வேணும், தங்கராஜு" என்று கிராணியார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் அரக்கப் பரக்க முடித்தேன்.

பட்டறைக்கு எதிரில் பேச்சியம்மாளின் காப்பிக் கடை. புருஷன் போனபின் ஒற்றை ஆளாக நடத்தினாள். நல்ல காரியம் எங்கே நடந்தாலும் அவளாகவே உள்ளே ஒதுங்கிவிடுவாள். அன்றும் ஒதுங்கித்தான் இருந்தாள். நான்தான் கத்தினேன்.

"பேச்சியம்மா, எல்லாருக்கும் காப்பி கொண்டா!"

"வண்டி போகட்டும் அண்ணே. அப்புறமா கொண்டாரேன்."

"அட, இப்பவே கொண்டா! பெரிய சாங்கியத்தைக் கண்டுட்டா!"

அவள் தட்டோடு தெருவில் இறங்கவும், எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் கிளம்பவும் சரியாக இருந்தது. என்ன சத்தம்! என்ன இழுப்பு! எல்லோரும் கைதட்டினார்கள். நான் சுருட்டு எடுக்கப் பையில் கையை விட்டேன். செருகாத அந்தப் பின் கையில் தட்டுப்பட்டது.

கூப்பிட்டிருக்கலாம். கார் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. ஆனால் புறப்பட்டுப் போகிறவரைப் பின்னால் கூப்பிடலாமா? கற்பூரம்கூட இன்னும் அணையவில்லை, அந்த அம்மா கும்பிட்டபடி நிற்கிறார். வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். திரும்பி வந்ததும் செருகிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், சகுனம் எனக்கு ஒரு சாக்கு. மெக்கானிக் மறந்துவிட்டான் என்று இருபது பேர் சிரிப்பார்களே, அதற்குத்தான் பயந்தேன்.

ஸ்கூடாய் தாண்டி ஒரு வளைவில் நட்டு கழன்று விழ, ஸ்டியரிங் கையோடு சும்மா சுற்றியிருக்கிறது. கார் நேரே போய் மரத்தில் மோதியது. கிராணியாருக்கு இடது கால் மூன்று இடத்தில் முறிந்தது.

உடைந்த காரை நான்தான் பட்டறைக்கு இழுத்து வந்தேன். யாரும் பார்க்கும் முன்னே வேறு ஒரு நட்டை மாட்டி, பின்னைச் செருகி, மோதியதில் வளைந்தது போலக் கம்பியைச் சுத்தியலால் அடித்துக் கோணலாக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அப்படியானால் எதனால் ஆயிற்று? கூட்டத்தில் ஒருவன் சொன்னான்: "முண்டச்சி எதிர வந்தா எப்படி வெளங்கும்?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுநாளே தெரு முழுக்க அதே பேச்சு. கமலாம்பிகை அம்மா காப்பிக் கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றினார். பேச்சியம்மாள் என்னை ஒரு தரம் பார்த்தாள். காப்பி கொண்டுவரச் சொன்னது நான்தான் என்றாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். அதைக்கூடச் சொல்லாமல் ஏதோ ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். சீ, நானும் ஒரு மனுஷனா!

காலையில் வண்டி எடுக்கும் டிரைவர்கள் அவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வேறு தெரு வழியாகப் போனார்கள். இரண்டே மாதத்தில் கடையை மூடிவிட்டு, ரெங்கத்துத் தோட்டத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்ப் புல்வெட்டும் வேலையில் சேர்ந்துவிட்டாள். கல்யாண வயதில் இருந்த மகள் செல்வராணியும் கூடவே போனாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். எனக்கு வேலை குறையவில்லை. வேறு கம்பெனி எஞ்சினை வைத்து ஓட்டிக் காட்டியவன் என்று தேடி வந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அந்தத் தோட்டத்து லோரி படுத்துக்கொண்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். சரி செய்து கொடுத்தேன். டிரைவர் செல்லப்பன் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து மண்வெட்டியோடு வந்த ஒரு பெண், சத்தம் கேட்டதும் பாதையை விட்டு இறங்கி, ஸ்டோர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். முதுகைப் பார்த்தே எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

"அது எப்பவும் அப்படித்தான்" என்றார் செல்லப்பன். "வண்டி எடுத்தா முன்னுக்கு வராது. சொந்த மக கல்யாணத்துக்கே வரல, அறையச் சாத்திக்கிட்டு உள்ள இருந்துச்சு. பேரன் பொறந்து மூணு மாசம் ஆச்சு, இன்னும் கையால தொடல."

அலமாக்! கடைதான் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளிடம் போனேன். செல்லப்பன் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே எல்லாவற்றையும் சொன்னேன். செருகாத பின், சட்டைப் பை, போலீஸ்காரர், ஒன்று விடவில்லை.

"அப்ப நான் இல்லியா?" என்றாள்.

"நீ இல்ல தங்கச்சி."

"நான் எதிர வந்ததால இல்லியா?"

"இல்லம்மா. நான் பின்னு போடாததால."

மண்வெட்டியால் ஒரு போடு போடுவாள் என்று நின்றேன். போட்டிருக்கலாம். அவளோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானே நம்பிட்டேண்ணே. என்னாலதான் அந்த ஐயா கால் போச்சுன்னு. செல்வராணிக்குத் தாலி கட்டறப்ப மேளச் சத்தம் மட்டுந்தான் கேட்டேன்."

அந்தத் தாலியை இனி அவள் கண்முன் கட்ட முடியுமா? எந்தப் பட்டறையில் போய் நான் அதைச் சரி செய்வேன்? அங்கேயே அழுதேன். அவள் அழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். குழாயடிக்குப் போய்க் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"புள்ளயத் தூக்கலாமாண்ணே?" என்று கேட்டாள்.

கேட்டது என்னிடம். தூக்கும்மா என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தலையை மட்டும் ஆட்டினேன்.