காலைப் பார்க்காத டாக்டர்

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் அமிர்தத்துக்குச் சேலைப் பிரிவில் வேலை. மேல்தட்டில் இருந்த சேலையை எடுக்க ஸ்டூலில் ஏறியவர் தவறி விழுந்ததில் கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டோடு ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் படுத்தே கிடந்தார். கட்டுப் பிரித்த வாரமே திடீரென்று மூச்சு முட்டியது. இழுத்து மூச்சு விட்டால் விலாவில் குத்தியது.

கணவர் ரத்தினவேல் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இ.சி.ஜி., எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் கணவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"எல்லாம் நார்மல். வெறும் டென்ஷன். அம்மா ரொம்ப பயந்துக்குவாங்களோ?"

"ஆமாங்க டாக்டர், சின்னதுக்கெல்லாம் பயப்படுவா."

"மூச்சு முட்டுறது எனக்குங்க! இப்பத்தான் கால் கட்டுப் பிரிச்சேன்" என்றார் அமிர்தம். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் அமிர்தம் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டி வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் ஜெஸ்வின், அமிர்தத்தின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டினார். ஆக்சிஜன் குறைந்திருந்தது. கால் கட்டைப் பற்றிக் கேட்டதுமே கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தது.

"கால்ல உறைஞ்ச ரத்தக்கட்டி நகர்ந்து போய் நுரையீரல் குழாயை அடைச்சிருக்கும்னு நினைக்கிறேன். இதுல எக்ஸ்ரே, இ.சி.ஜி. நல்லாவே இருக்கலாம்."

"ரத்த டெஸ்ட் பாக்கணுமாங்க?" என்றார் ரத்தினவேல்.

"ரத்தம் உறைஞ்சிருக்கான்னு பாக்க டி-டைமர்னு ஒண்ணு இருக்கு. சந்தேகம் கம்மியா இருந்தா அது போதும். இவங்களுக்குச் சந்தேகம் பலமா இருக்கு, நேரா சி.டி.தான்."

ரத்தம் உறையாமலிருக்க உடனே ஊசி போட்டார்கள். நரம்பில் மருந்து ஏற்றி எடுத்த சி.டி.யில் இரண்டு நுரையீரல்களிலும் அடைப்பு தெரிந்தது. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் வலப்பக்கம் திணறிக்கொண்டிருந்தது.

படுக்கையில் அமிர்தத்துக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. "நான் சொன்னது உங்களுக்குப் பத்தலை. அந்தாளு சொன்னது மட்டும் பத்துச்சு, இல்ல?" என்றார். ரத்தினவேல் தலைகுனிந்தார்.

குணமாகி நடக்க முடிந்ததும் அமிர்தம் ரத்தினவேலோடு நேராக அந்தப் பழைய கிளினிக்குக்குப் போனார். நடந்ததைச் சொன்னார்.

"ரிப்போர்ட் நார்மலாத்தாம்மா இருந்துச்சு."

"ரிப்போர்ட் நார்மல். நான் நார்மலா இருந்தேனா? கட்டுப் பிரிச்சேன்னு சொன்னேனே, காலைப் பாத்தீங்களா?"

"அதான் பொழச்சிட்டீங்கல்ல?"

"உங்களாலயா பொழச்சேன்?" வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அவ கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க டாக்டர்" என்றார் ரத்தினவேல்.

அமிர்தம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பாத்திருக்கணும்" என்று முனகினார் டாக்டர்.

"சத்தமா சொல்லுங்க. வெளிய இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

"பாத்திருக்கணும்மா. தப்புதான்."

அமிர்தம் எழுந்தார். மன்னிப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகும் அவருடைய ஆத்திரம் அடங்கவில்லை.