மூக்கர் நீட்டிய குப்பி

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் என் வீட்டுக்காரருக்கு மூக்கர் என்று பெயர். காட்டுச்செடிகளின் இலை, பூ, வேர் என்று தனித்தனியாக நீராவியில் வடித்து எண்ணெய் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. காலையிலிருந்து கொதிக்கவிட்டால் சாயங்காலம் பத்துச் சொட்டு தேறும். எந்த எண்ணெயில் என்னென்ன சேர்மம் இருக்கிறது என்று மெஷின் பிறகு சொல்லும். அதற்கு முன்பே இவர் முகர்ந்து பார்த்து, எது எந்தப் பாகம் என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடம் அந்த மூக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

போன வருடம் ஒரு காய்ச்சலில் அது போயே போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறுகிறது, மனுஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்!

"அங்க சொல்லித் தொலைங்களேன்" என்றேன்.

"சொன்னா எனக்கு அங்க என்னடி மரியாதை?"

மரியாதையாம்! சரி, எக்கேடோ கெடட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அங்கே முனைவர் பட்டத்துக்கு ஒரு பெண் ஒரே ஒரு செடியை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். அது வருடத்தில் மூன்றே வாரம்தான் பூக்கும். அன்றன்று வடிப்பதைப் பூவுக்கு ஒரு புட்டி, வேருக்கு ஒரு புட்டி என்று சேர்த்துவந்தாள். கடைசி நாள் வடித்த எண்ணெய் இருந்த இரண்டு சின்னக் குப்பிகளின் லேபிள்களும் ஈரத்தில் கழன்று விழுந்துவிட்டன. இரண்டிலும் ஒரே மஞ்சள்.

"அண்ணே, இதுல எது பூ?"

இவர் இரண்டையும் வெகுநேரம் முகர்ந்தார். ஒன்றை நீட்டி, "இதும்மா" என்றார். குருட்டாம்போக்கில்தான். அவள் அதை அப்படியே பூப் புட்டியில் ஊற்றிவிட்டாள்.

வேரில் மட்டுமே இருக்கவேண்டிய சேர்மத்தை மெஷின் பூவிலும் காட்டியது. புதுக் கண்டுபிடிப்பு என்று பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். அவள் ஆய்வேட்டையே எழுதி முடித்துவிட்டாள். அப்புறம்தான் இவர் சாப்பிட முடியாமல், தூங்க முடியாமல் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நானே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.

இவர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"உதவித்தொகை இந்த மாசத்தோட முடியுது அண்ணே. அடுத்த பூ வர்றவரைக்கும் நான் என்ன பண்றது?"

"என்னைத் திட்டிடும்மா" என்றார் இவர்.

"அன்னிக்கு நானும் மோந்து பார்த்தேன். எனக்கு அது வேர்னுதான் பட்டுச்சு. நீங்க சொன்னதும், என் மூக்குலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும் அண்ணி?"

அதுவரை நான்தான் அங்கே கோபமாக நின்றிருந்தேன்.

"ஒரு வருஷமாத் தெரியும்மா" என்றேன்.