முந்தி வந்த செருப்பு

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் கடைக்கு மூன்று படி கீழே இறங்க வேண்டும். கணவர் போனபின் ஒரு பழைய மிஷினோடு உட்கார்ந்தவர். பள்ளிக்கூடச் சீருடையாகத் தைத்துத் தைத்தே இரண்டாவது மிஷின் வாங்கினார், மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். எனக்கு அளவெடுக்கும்போது, "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க தம்பி, தொப்பை எங்கயும் ஓடிடாது" என்பார்.

நான் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வாடகைக்கு விடுகிறவன். மொத்தமே இரண்டு. மழை நாளில் கடை திறக்குமுன் வருகிறவர்கள் வாசலில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். செருப்பு வரிசைப்படிதான் மோட்டார் போகும். வாடகை எல்லோருக்கும் ஒன்று. யாரும் எழுதி ஒட்டவில்லை, பல வருடமாக அப்படித்தான்.

போன மழையில் ஒரு மோட்டார் புகைந்துவிட்டது. முதல் செருப்பு அக்காவுடையது. நீல வார், தேய்ந்த குதிகால், பார்த்ததுமே தெரிந்தது. அதற்குள் சோபா கடைக்காரர் வந்து மூன்று மடங்கு வாடகையை நீட்டினார். நான் தயங்கினேன். கூட இருந்த மைத்துனன் காதைக் கடித்தான்.

"தேவை அதிகமா இருக்கறவன்தான் அதிகமா குடுப்பான் மாமா. இது கடை, சத்திரம் இல்ல."

நியாயமாகத்தான் பட்டது. பொய் சொல்வானேன், பணத்தைப் பார்த்த பிறகு பட்டது. செருப்பைக் காலால் ஓரம் தள்ளினேன்.

அரை மணியில் அக்கா நனைந்துகொண்டு வந்தார். "தம்பி, மோட்டார் எங்க?"

"உங்க செருப்பைக் கவனிக்கலக்கா. அது போயிடுச்சே."

வந்த வழியே கடைக்கு ஓடினார்.

மதியம் சோபா கடைக்கு மோட்டாரை எடுக்கப் போனேன். அவர் இறைத்தது கார் நிறுத்தும் இடம். ஒரு கார்கூட இல்லை.

"தண்ணி நின்னா டைல்ஸ் கறுத்துடும்ல" என்றார் சோபா கடைக்காரர்.

டைல்ஸுக்கு!

மோட்டாரைத் தள்ளிக்கொண்டு அக்கா கடைக்கு ஓடினேன். உள்ளே இடுப்பளவு தண்ணீர். மிஷின் இரண்டும் முங்கிக் கிடந்தன. பள்ளி திறக்கப் பத்து நாள். தைத்து முடித்த அறுபது சீருடையிலும் நீலச்சாயம் இறங்கி வெள்ளைச் சட்டையெல்லாம் திட்டுத் திட்டாக இருந்தது. அக்கா மேல்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தார். நான் அன்று வாங்கிய பணம் முழுவதையும் நீட்டினேன்.

"விலை ஏத்துறது உங்க இஷ்டம் தம்பி. அதைக் கேக்கல. முறை என்னோடதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா."

பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "துணி வாங்க ஆகும். மோட்டாரை இறக்குங்க" என்றார். பிறகு, முகத்தைப் பார்க்காமலே, "இப்ப வாடகை எவ்வளவு?" என்றார்.

அக்கா என்னிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டது அதுதான் முதல் தடவை.